திரும்பாத வரிசை

கீர்த்தனா, லோகேஷ், போன கிருத்திகைக்குத் திருத்தணி மலைப்படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தோமே, அப்போது பக்கத்தில் இருந்த சித்தூர்க்கார அம்மா ஒருத்தர் தூரத்தில் பளபளத்ததைக் கைகாட்டி, "அதி ஏம் செருவு நாயனா?" என்று லோகேஷைக் கேட்டார். "ஏரி இல்லீங்க, சோலாரு" என்று லோகேஷ் சொன்னான். அந்த அம்மா நம்பவில்லை. தண்ணீரைப் பார்த்தால் கும்பிடுவது போலக் கன்னத்தில் போட்டுக்கொண்டு எழுந்து போனார்.

நீங்கள் இரண்டு பேரும் சிரித்தீர்கள். "நைனா ஏன் சிரிக்கல?" என்று கீர்த்தனா என்னைக் கேட்டாள். அதற்குள் தேங்காய் உடைக்கக் கூப்பிட்டுவிட்டார்கள், பேச்சு விட்டுப்போயிற்று.

இந்த வாரக் கடிதத்தில் அதைத்தான் எழுதுகிறேன். கீர்த்தனா, இதைப் படித்துவிட்டுத் தம்பியைப் பயமுறுத்தக் கூடாது.

எல்லாம் படுத்த பிறகு

ஒரு சித்திரை மாதம். வெயில் போன பிறகும் தரை கொதித்துக்கொண்டிருந்தது. சென்னையிலிருந்து மின்சார ரயிலில் வந்த வக்கீல் வசுமதி மேடத்தைத் திருத்தணி ஸ்டேஷனில் என் வாடகைக் காரில் ஏற்றிக்கொண்டு, கனகம்மாசத்திரம் தாண்டி உள்ள அந்த சோலார் காட்டுக்குப் போனேன். காடு என்றுதான் நாங்கள் சொல்வோம். மரம் ஒன்று கிடையாது.

அங்கே உள்ள பலகைகள் சும்மா நிற்பவை அல்ல. காலையில் கிழக்கே பார்த்திருக்கும். உச்சி வேளையில் மல்லாந்திருக்கும். சாயங்காலம் மேற்கே பார்க்கும். பொழுது இறங்கினதும் எல்லா வரிசையும் ஒன்றாக முனகிக்கொண்டு தட்டையாகப் படுத்துவிடும். அந்த முனகலை முதல் தடவை கேட்டபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பெரிய மாட்டு மந்தை ஒன்று ஒரே நேரத்தில் படுப்பது மாதிரி இருக்கும்.

அன்றைக்கும் படுத்தன. ஒரு வரிசை மட்டும் படுக்கவில்லை.

சூரியன் போன திசையையே பார்த்தபடி அது நின்றது. கண்ணாடியில் கடைசிச் சிவப்பு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் ஒரு கொக்கு ஒற்றைக்காலில் நின்று, மீன் பார்ப்பது போலக் கண்ணாடிக்குள் பார்த்துக்கொண்டிருந்தது.

"அதுதான் என் கேஸு, தணிகை" என்று என்னிடம் சொன்னார் மேடம்.

நாங்கள் கிட்டே போனோம். வரிசையின் நடுத்தூண் பூமிக்குள் இறங்கியிருந்தது. அதனால் மேலே இருந்த அச்சு வளைந்து, மோட்டார் இழுத்தும் பலகை திரும்பவில்லை. இதெல்லாம் மேடம் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எனக்குத் தானாகத் தெரிந்தது வேறு. அந்த இடத்தில் மட்டும் சில்லென்று இருந்தது. சேற்று வாடை வந்தது. எங்கேயோ ஒரு தவளை கத்தியது. சுற்றிப் பார்த்தேன், குட்டை கிடையாது, வாய்க்கால் கிடையாது. மறுபடி கத்தியது.

என் காலுக்குக் கீழே இருந்து.

மேடத்துக்கும் அது கேட்டது என்று முகத்தைப் பார்த்தே தெரிந்தது. திரும்பி நடக்கும்போது அவர் வழக்கத்தைவிட வேகமாக நடந்தார்.

கேட்டில் இருந்த வாட்ச்மேனிடம், "அந்த வரிசைப் பக்கம் ரவுண்டு போவீங்களா?" என்று கேட்டார்.

"பகல்ல போவேன் மேடம். பொழுது போனா இங்கேருந்தே டார்ச் அடிச்சிப் பாத்துக்குவேன்."

"ஏன், பாம்பா?"

"பாம்பா இருந்தாதான் தேவலையே" என்றார் அவர்.

மேடம் எந்த மாதிரி வக்கீல்

வக்கீல் என்றால் கொலைக் கேஸு, பாகப்பிரிவினைக் கேஸு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஒன்பதாவதோடு நின்றவனுக்கு அவ்வளவுதான் தெரியும். மேடம் அந்த இரண்டையும் தொடுவதில்லை. பாலம், பெரிய கட்டடம், கரண்டு தயாரிக்கிற இடம், இவைதான் அவருக்கு.

ஒரு கம்பெனி சோலார் வைக்க வேண்டும் என்று நினைக்கும். அதற்குக் குழி தோண்டி, தூண் நட்டு, பலகை பொருத்தித் தர இன்னொரு கம்பெனி ஒத்துக்கொள்ளும். இரண்டு பேரும் ஒரு தலகாணி பருமனுக்குத் தாள் கட்டில் கையெழுத்துப் போடுவார்கள். பிறகு மழை வரும், மண் சரியும், ஆள் வரமாட்டான். யார் குற்றம் என்று சண்டை. அந்தச் சண்டைக்குக் கோர்ட்டுகூட இல்லை. குளுகுளு அறையில் நீளமான மேசை போட்டு, நடுவராக ஒரு பெரியவர் உட்கார்ந்து கேட்பார். ஒரு தடவை தண்ணி கேனைத் தூக்கிக்கொண்டு நான் உள்ளே போனேன். யாரும் கத்தவில்லை. எல்லாரும் பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள்.

"இவ்ளோ மரியாதையா சண்டை போட்டுக்குவாங்களா மேடம்?" என்று வெளியே வந்ததும் கேட்டேன்.

"மரியாதையா போடற சண்டையிலதான் ரத்தம் ஜாஸ்தி தணிகை" என்று சிரித்தார்.

அந்த அறையிலேயே உட்கார்ந்து வேலையை முடித்துக்கொள்கிற வக்கீல்கள் உண்டாம். மேடம் அப்படி இல்லை. பருத்திப் புடவையும் கான்வாஸ் ஷூவுமாக, குடையைத் தடி போல ஊன்றிக்கொண்டு எல்லாக் குழியிலும் இறங்கிப் பார்ப்பார். மண்ணைக் கையில் எடுத்துப் பிசைவார். திருத்தணிப் பக்கம் வேலை என்றால் என் வண்டிதான். நான் தெலுங்கும் பேசுவேன் என்பதால் எல்லை தாண்டிப் போகும்போது கூடவே நடக்கச் சொல்வார்.

இந்தக் கேஸில் மேடம், தூண் நட்ட காண்ட்ராக்ட் கம்பெனியின் பக்கம். சோலார் வைத்த கம்பெனி, "உங்க வேலை சரியில்லை, அதான் தூண் இறங்கிடிச்சி" என்றது. இவர்கள், "எங்க வேலை நல்லாத்தான் இருக்கு, உங்க மண்ணுதான் சரியில்லை, நீங்க முன்னாடியே சொல்லியிருக்கணும்" என்றார்கள்.

அந்த ஒரு தூணுக்குக் கீழே ஜல்லி கொட்டினார்களாம். இறங்கியதாம். மறுபடி கொட்டினார்களாம். "கொட்டக் கொட்ட வாங்கிக்கினே இருக்குது மேடம், தொண்டை மாதிரி" என்று வாட்ச்மேன் சொன்னார்.

கேட்டில் நின்ற அம்மா

அடுத்த தடவை நாங்கள் போனபோது கேட்டுக்கு வெளியே ஒரு அம்மா வெயிலில் நின்றுகொண்டிருந்தார். மல்லிகா என்று பேர், பக்கத்துக் கிராமம். கையில் கல்யாணப் பத்திரிகை கட்டு இருந்தது. வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. கேஸு நடப்பதால் வெளி ஆள் யாரும் நுழையக் கூடாது என்று இரண்டு கம்பெனியும் உத்தரவு போட்டிருந்தன.

வண்டி நின்றதும் ஜன்னல் பக்கம் வந்துவிட்டார்.

"அம்மா, நீங்கதான் வக்கீலம்மாவா? ஒரு அஞ்சு நிமிசம் கேளும்மா. எனக்கு வழக்கு ஒண்ணும் இல்ல. எங்க பூவாடக்காரி உள்ள கீறா. அவளக் கூட்டிகினு போவணும்."

மேடம் என்னைப் பார்த்தார்.

பூவாடைக்காரி உங்களுக்குத் தெரியும், நம் சொந்தத்திலும் கும்பிடுகிறார்கள். வீட்டில் கன்னியாகவோ சுமங்கலியாகவோ செத்துப்போன பெண், அந்தக் குடும்பத்துக்கே தெய்வம். வீட்டில் கல்யாணம் என்றால் முதல் அழைப்பு அவளுக்கு. பம்பை அடித்து, ஒரு நீர்நிலையிலிருந்து அவளைப் பாடிக் கூப்பிடுவார்கள். குடத்தில் வந்து இறங்குவாள், குடம் கனக்கும். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் புதுப்புடவையும் பூவும் படைத்தால், யாராவது ஒருத்தர் மேல் வந்து, "நடத்துங்க" என்று உத்தரவு கொடுப்பாள். அதற்குப் பிறகுதான் பந்தக்கால். இதையெல்லாம் மேடத்துக்குச் சொன்னேன்.

"உள்ள எங்கம்மா இருக்காங்க?" என்று மேடம் கேட்டார்.

மல்லிகாம்மா கையை நீட்டினார். திரும்பாத வரிசையைத்தான் காட்டினார்.

"எங்க கெணறும்மா அது. எங்க வூட்டுக்காரரோட அக்கா, நாகம்மான்னு பேரு. கல்யாணத்துக்கு நாள் குறிச்சிட்டு, நலங்குக்குத் தண்ணி மொள்ளப் போயி வழுக்கி வுழுந்துட்டா. அப்போலேருந்து எங்க வூட்டு எல்லா கல்யாணத்துக்கும் அந்தக் கெணத்துலேருந்துதான் கூப்புடுவோம். நெலத்த கம்பெனிக்கு வுட்டப்போ, கெணத்த மட்டும் தொடாதீங்கோன்னு தூண் நட வந்தவங்ககிட்ட அவரு கேட்டுகினாரு. ஆங் ஆங், தொட மாட்டோம்னாங்கோ. மூடிட்டாங்கோ. அவரும் செத்துப் பூட்டாரு."

"இப்ப வேற எங்கயாவது கூப்பிடக் கூடாதாம்மா?"

"கூப்ட்டோமே. ஏரிக்கரையில கூப்ட்டோம். பம்பக்காரருக்குக் கையி ஓஞ்சிடிச்சி. ஒருத்தர் மேலயும் வரல. கொடம் காத்து மாரி இருந்திச்சி." பத்திரிகைக் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டார். "அவ உத்தரவு இல்லாம பந்தக்கால் நட மாட்டோம்னு பங்காளிங்க எழுந்து பூட்டாங்கோ. பத்திரிக குடுத்தாச்சி. எம் பொண்ணு சாப்புடாம ஒக்காந்துகினு கீறா. மண்ணுக்கு உள்ள மூச்சு முட்டிகினு கீறாம்மா அவ. ஒரு நாழி உள்ள வுடும்மா."

மேடம் தன் தண்ணி பாட்டிலைத் திறந்து மல்லிகாம்மாவிடம் கொடுத்தார்.

"ட்ராயிங்கை நான் கேக்கல"

காண்ட்ராக்ட் கம்பெனியின் சைட் இன்ஜினியர் பிரகாஷ், சின்ன வயசுப் பையன். தகரக் கொட்டகையில் இருந்த அவனை மேடம் நேராகப் போய்க் கேட்டார்.

"பிரகாஷ், அந்த வரிசைக்குக் கீழ கிணறு இருந்துச்சா?"

"மேடம்... ட்ராயிங்ல இல்ல மேடம். வெறும் தரிசுன்னுதான் போட்டிருக்கு."

"ட்ராயிங்கை நான் கேக்கல. உங்களைக் கேக்கறேன்."

அவன் தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "டைம் இல்ல மேடம். அதை விட்டுட்டு வரிசையை வளைக்கணும்னா திரும்ப டிசைன் பண்ணணும். மேல இருந்து மூடச் சொன்னாங்க. மூடிட்டோம்" என்றான். "வந்த மண்ணை அப்படியே தள்ளிட்டோம். கெட்டிக்கல."

பாதியில் நிறுத்தி, சத்தத்தைக் குறைத்துக்கொண்டு சொன்னான்: "மூடின அன்னைக்கு லாரி லாரியா கொட்டினோம் மேடம். ரொம்ப நேரம் தண்ணி சத்தமே கேட்டுக்கிட்டு இருந்துச்சு. மண்ணு விழற சத்தம் இல்ல. யாரோ மொள்ற மாதிரி."

நாங்கள் கிளம்பினோம். வண்டியில் மேடம் கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன்.

"தணிகை, அந்தம்மா உள்ள வந்து பம்பை அடிச்சுக் கூப்பிட்டாங்கன்னா என் கேஸ் அன்னைக்கே முடிஞ்சது. கிணறு இருந்ததுக்கும் நம்ம ஆளுங்க மூடினதுக்கும் அதைவிடப் பெரிய சாட்சி கிடையாது."

"அப்ப வுட மாட்டீங்களா மேடம்?"

கனகம்மாசத்திரம் வந்தது. வழக்கமாக நிறுத்துகிற கடையில் டீ வாங்கிக் கொடுத்தேன். கையில் வைத்துக்கொண்டே இருந்தார், ஆறிப்போயிற்று. பிறகு போனை எடுத்துக் கம்பெனி முதலாளியைக் கூப்பிட்டார். நான் இறங்கப் போனேன். இருங்கள் என்று கை காட்டினார்.

"சார், 'வெறும் தரிசு'ன்னு நான் எழுதிக் குடுத்திருக்கேன், உங்க வார்த்தையை நம்பி. இனிமே அதை எழுத முடியாது. எனக்குத் தெரிஞ்சுபோச்சு... இல்ல சார், நானாப் போய் எதிர்க்கட்சிகிட்ட சொல்ல மாட்டேன். நீங்க என் கட்சிக்காரர், உங்க ரகசியம் எங்கிட்ட பத்திரமா இருக்கும். ஆனா பொய்யை நான் எடுத்துட்டுப் போய் மேசையில வைக்க மாட்டேன். கிணத்தை ஒத்துக்கிட்டீங்கன்னா உட்கார்ந்து பேசி முடிச்சுத் தரேன். வேண்டாம்னா கேஸ் கட்டைத் திருப்பி அனுப்பிடறேன், வேற வக்கீல் பாருங்க."

அந்தப் பக்கம் கத்துவது எனக்கே கேட்டது. மேடம் போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, ஆறின டீயைக் குடித்தார்.

பிடித்த கை

முதலாளி ஒத்துக்கொள்ளவில்லை. மேடமும் இறங்கி வரவில்லை. மல்லிகாம்மா தினமும் கேட்டுக்கு வந்து நின்றுவிட்டுப் போனார். முகூர்த்தம் கிட்டே வந்துகொண்டிருந்தது.

நடுவில் எனக்கு வேறு சவாரி. ஒரு நாள் அந்த வழியாகப் போகும்போது, நடுப்பகலில் சோலார் காட்டில் ஆட்கள் ஓடுவது தெரிந்தது. வண்டியை நிறுத்தினேன். வளைந்த அச்சைக் கழற்றப் போன ஒரு வேலையாளின் கால் தொடை வரைக்கும் தரைக்குள் போய்விட்டதாம். நாலு பேர் சேர்ந்து இழுத்திருக்கிறார்கள். வேப்பமரம்கூட இல்லாத அந்த இடத்தில் லாரி நிழலில் அவனைப் படுக்க வைத்திருந்தார்கள். வடக்கத்திப் பையன். காலில் ஒரு கீறல் இல்லை. ஆனால் பல் கிட்டிப்போய் நடுங்கினான், அந்த வெயிலில்.

"டண்டா, டண்டா" என்றே சொன்னான். குளிர் என்று அர்த்தம். பிறகு கணுக்காலைச் சுற்றித் தன் கையாலேயே பிடித்துக் காட்டினான்.

பிரகாஷ் அதைப் பார்த்துவிட்டு அங்கேயிருந்தே முதலாளிக்குப் போன் போட்டான். என்ன பேசினான் என்று தெரியாது. அன்றைக்குப் பொழுது போவதற்குள் மேடம் என்னைக் கூப்பிட்டார்.

"தணிகை, முதலாளி ஒத்துக்கிட்டார். அந்தம்மாகிட்ட சொல்லிடுங்க."

பிறகு நடந்தது மேடத்தின் வேலை. இரண்டு கம்பெனியும் உட்கார்ந்தன. அந்த வரிசையை எடுத்துவிடுவது, கிணற்றைத் தோண்டிக் கெட்டியாகக் கட்டிச் சுற்றிக் கம்பி போடுவது, செலவு காண்ட்ராக்ட் கம்பெனியுடையது. பொக்லைன் வருகிற நாளுக்கு முந்தின சாயங்காலம் மல்லிகாம்மாவின் குடும்பத்துக்கு. இதையும் மேடம் ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டார். "எப்படி எழுதினீங்க மேடம், பூவாடக்காரின்னா?" என்று கேட்டேன். "குடும்பத்தாரின் வழக்கமான உபயோகம்னு எழுதினேன். அவங்களும் குடும்பத்தார்தானே" என்றார்.

பம்பை

அந்தச் சாயங்காலம் நான் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன். கூட்டியும் எழுதவில்லை, குறைத்தும் எழுதவில்லை.

பங்காளிகள் வரவில்லை. "வரட்டும், பாக்கலாம்" என்று வீட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். மல்லிகாம்மா, கல்யாணப் பெண், சொந்தக்காரப் பெண்கள் கொஞ்சம் பேர், பம்பைக்காரர், அவருக்கு உடுக்கை அடிக்கிறவர். அவ்வளவுதான். இறங்கின தூணுக்குச் சற்று தள்ளி மஞ்சள் தண்ணி தெளித்து, புதுக்குடத்துக்கு மஞ்சள் பூசி, வேப்பிலையும் மல்லியும் சுற்றினார்கள். குடத்தில் அரைக்குடம் தண்ணி. அதை மல்லிகாம்மா இரண்டு கையிலும் ஏந்தி நின்றார். மேடம் ஷூவைக் கழற்றிவிட்டு ஓரமாக நின்றார். பிரகாஷும் கழற்றினான்.

அந்த வரிசையின் மோட்டாருக்குப் போகிற ஒயரை அவன் காலையிலேயே பிடுங்கிவிட்டிருந்தான். அதை நானே பார்த்தேன், அறுந்த வால் மாதிரி தொங்கியது.

பம்பை ஆரம்பித்தது. பம்பைக்காரர் அவள் பிறந்ததைப் பாடினார், நாள் குறித்ததைப் பாடினார், நலங்குக்குத் தண்ணி மொள்ளப் போனதைப் பாடினார். "பொழுது போச்சி வாம்மா, பொண்ணு காத்திருக்கா வாம்மா" என்று கூப்பிட்டார். ஒன்றும் இல்லை. மல்லிகாம்மாவின் கை அசையவில்லை. கல்யாணப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு அம்மாவின் கையையே பார்த்தாள்.

சூரியன் இறங்கியது. சுற்றிலும் எல்லாப் பலகையும் முனகிக்கொண்டு படுக்க ஆரம்பித்தன. பம்பைக்காரர் அதைப் பார்த்ததில்லை போலிருக்கிறது, குச்சி தடுமாறியது. ஆனால் நிறுத்தவில்லை.

அந்த முனகல் அடங்கிய பிறகு காலுக்குக் கீழே ஒரு பெருமூச்சு. வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை. தரை லேசாக உட்கார்ந்தது. தூண் 'களக்' என்று இன்னும் ஒரு சாண் இறங்க, மேலே வளைந்து சிக்கியிருந்த அச்சு விடுபட்டது. திரும்பாத வரிசை, கரண்டு இல்லாமல், மெல்ல மெல்லச் சாய்ந்து மற்றவற்றோடு சேர்ந்து படுத்தது.

"எம்மா!" என்றார் மல்லிகாம்மா. குடம் சட்டென்று கனத்துக் கை கீழே போயிற்று. இரண்டு பெண்கள் ஓடிவந்து தாங்கினார்கள்.

"வந்துட்டா" என்றார் பம்பைக்காரர். வேர்த்து ஊற்றியது அவருக்கு. "ஆரு மேல வர்றேம்மா? வாய தொறந்து சொல்லும்மா."

யார் மேலும் வரவில்லை.

"பம்பை அதிர்வுல மண்ணு செட்டில் ஆகியிருக்கும் மேடம்" என்றான் பிரகாஷ், மெதுவாக. மேடம் தலையை ஆட்டினார். அப்படியும் இருக்கலாம் கீர்த்தனா. நீ சயின்ஸ் படிக்கிறவள், நீயே யோசித்துப் பார்.

வழியில்

குடத்தோடு மல்லிகாம்மாவால் ஆட்டோவில் ஏற முடியவில்லை, கை மரத்துவிட்டது. "எங்க வண்டியில வாங்க" என்று சொல்லி மேடம் முன்சீட்டுக்கு மாறிக்கொண்டார். மல்லிகாம்மா பின்னால், எனக்கு நேர்ப் பின்புறம் உட்கார்ந்து, குடத்தை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அவருக்கு அந்தப் பக்கச் சீட்டு காலி. மற்றவர்கள் பம்பையோடு ஆட்டோவில் முன்னால் போனார்கள்.

வழியில் பேசக் கூடாது, திரும்பிப் பார்க்கக் கூடாது என்றார் மல்லிகாம்மா. நான் கண்ணாடியைக்கூட மேலே திருப்பி வைத்துவிட்டேன்.

பாதி வழியில் அவரே பேசினார்.

"வக்கீலம்மா... லேசாயிடிச்சிம்மா."

"எது?"

"கொடம். கொஞ்ச நேரமா லேசாயிடிச்சி. அவ கொடத்துல இல்ல." சத்தம் இல்லாமல் அழுதார். "வுட்டுட்டு வந்துட்டனா? அங்கியே நின்னுட்டாளா?"

மேடம் திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டினார். மல்லிகாம்மா அதைப் பிடித்துக்கொண்டார். எந்தச் சட்டம் படித்தவரும் அந்த இடத்தில் வேறு என்ன செய்திருக்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

வீட்டு வாசலில் ஆலம் சுற்றி ஆரத்தி எடுத்தார்கள். மல்லிகாம்மா வலது பக்கக் கதவு வழியாக இறங்கிக் குடத்தோடு உள்ளே போனார். பங்காளிகள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். உள்ளே பம்பை மறுபடி ஆரம்பித்தது, ஆனால் ஏரிக்கரையில் அடித்ததாகச் சொன்னார்களே, அப்படி ஓய்ந்த அடி. மேடத்துக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. கல்யாணப் பெண்ணின் தலையைத் தொட்டுவிட்டு வந்து வண்டியில் ஏறினார், முன்சீட்டிலேயே. ஸ்டேஷனில் இறங்கும்போது, "என் வேலை கேட் வரைக்கும்தான் தணிகை" என்று மட்டும் சொன்னார். அவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை.

காலிச் சீட்டு

ரயில் போன பிறகு, வண்டியில் சிந்தின மஞ்சள் தண்ணியைத் துடைக்கலாம் என்று பின்கதவைத் திறந்தேன்.

மல்லிகாம்மா உட்கார்ந்த இடத்தில் ஒரு சொட்டு இல்லை. உலர்ந்திருந்தது. அதற்கு அந்தப் பக்கம், யாரும் உட்காராத இடது பக்கச் சீட்டு, நனைந்திருந்தது. ஒரு ஆள் ஈரப்புடவையோடு உட்கார்ந்தால் எவ்வளவு நனையுமோ அவ்வளவு. கையை வைத்துப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. கிணற்றுத் தண்ணி வாடை.

அந்தப் பக்கக் கதவு பிள்ளைகளுக்காகப் போட்ட பூட்டில் இருந்தது, உள்ளேயிருந்து திறக்க வராது. நீங்கள் சின்னவர்களாக இருந்தபோது நான் போட்டது. அதை யாரும் எடுத்துவிடவில்லை.

வீட்டுக்குப் போகிற வழியைவிட்டு, வண்டியைத் திருப்பிக்கொண்டு மறுபடி அந்தக் கிராமத்துக்குப் போனேன். ரேடியோ போடவில்லை. கண்ணாடியைத் தொடவில்லை. மெதுவாகத்தான் ஓட்டினேன், மேடு பள்ளத்தில் குலுக்காமல்.

மல்லிகாம்மா வீட்டுத் தெருவில் ஆள் இல்லை, எல்லாரும் உள்ளே இருந்தார்கள். பம்பை இன்னும் ஓய்ந்த மாதிரியே கேட்டுக்கொண்டிருந்தது. வாசலுக்கு நேராக வண்டியை நிறுத்தி இறங்கினேன். சுற்றிக்கொண்டு போய் இடது பக்கப் பின்கதவை அகலமாகத் திறந்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு, ஒதுங்கி, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு நின்றேன். என் முழங்கையை உரசிக்கொண்டு ஈரக்காற்று போனது.

உள்ளே பம்பை நின்றது. பம்பைக்காரரின் குரல் மட்டும் கேட்டது: "யாரும்மா வந்திருக்கறது?"

பதில் வருவதற்குள் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, வண்டியை எடுத்தேன்.